பூச நட்சத்திரம்: கண்ணுக்கு மங்கல், அளவில் இராட்சதம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: பூச நட்சத்திரத்தின் தலைமை விண்மீனாகிய டெல்டா கான்கிரி ஒரு முதிர்ந்த இராட்சத விண்மீன் என்று நூல் சொல்கிறது, ஆனால் வயல்வெளியில் நின்று தேடினாலும் அது சிரமப்பட்டுத்தான் கண்ணில் படுகிறது. அவ்வளவு பெரியதென்றால் ஏன் இவ்வளவு மங்கல்? அதன் ஆரை, திணிவு, வெப்பநிலை என்று எழுதிவைத்திருப்பவற்றை எப்படி அளந்தார்கள், அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம்? திருவாதிரையைப் போல இதுவும் ஒரு நாள் வெடிக்குமா?

முதற் கேள்விக்கு ஒரு சொல்லில் விடை உண்டு: தூரம். ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்தினால் மற்றக் கேள்விகள் நின்றுபோகும். ஆகவே பக்கத்திலிருக்கும் புனர்பூசத்திலிருந்து தொடங்குகிறேன். புனர்பூசத்தின் பிரகாசமான விண்மீனாகிய பொலக்ஸும் பூசத்தின் டெல்டா கான்கிரியும் ஒரே நிறமாலை வகையைச் சேர்ந்தவை. இரண்டையும் கே-0 வகை, மூன்றாம் ஒளிர்வு வகுப்பு என்று வகைப்படுத்துகிறார்கள். மூன்றாம் வகுப்பு என்றாலே இராட்சத விண்மீன் என்று பொருள். தோற்றப் பருமன் என்பது விண்மீனின் அளவு அல்ல, அது நமக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதைக் குறிக்கும் எண். பொலக்ஸின் தோற்றப் பருமன் 1.1, டெல்டா கான்கிரியின் தோற்றப் பருமன் 3.9. பருமன் எண் கூடக் கூட ஒளி குறையும் என்பதால், நம் கண்ணுக்குப் பொலக்ஸ் சுமார் 13 மடங்கு பிரகாசமாகத் தெரிகிறது. பொலக்ஸ் இருப்பது 34 ஒளியாண்டுத் தொலைவில். டெல்டா கான்கிரி இருப்பது ஏறக்குறைய 131 ஒளியாண்டுத் தொலைவில். தூரம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு, எனவே தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறையும் என்னும் நேர்மாறு வர்க்க விதிப்படி ஒளி 15 மடங்கு குறைந்திருக்க வேண்டும். குறைந்திருப்பதோ 13 மடங்குதான். ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மங்கலானது என்று நாம் சொல்லும் பூச விண்மீனே சற்றுக் கூடுதலான ஒளியைத் தரும். நமது சூரியனைக் கொண்டுபோய்ப் பூசத்தின் இடத்தில் வைத்தாலோ அதன் பருமன் 7.8 ஆகிவிடும். நெடுங்கேணிக் காட்டோரத்தில் அமாவாசை இரவில் நின்றாலும் அதை வெறுங்கண்ணால் எவரும் காண முடியாது.

கண்ணால் பார்ப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் பூசத்தைத் தேடுவது தைப்பூச இரவில். அது தேடக் கூடாத இரவு. தை மாதப் பூரணைச் சந்திரன் பூசத்தை ஒட்டி நிற்பதால்தான் அந்த நாளுக்கு அந்தப் பெயர்; அதே சந்திர ஒளியில் நான்காம் பருமன் விண்மீன் முற்றாக மூழ்கிப்போகும். மாசி, பங்குனி மாதங்களின் நிலவில்லாத இரவுகள் நல்லவை. பங்குனி முற்பகுதியில் இரவு ஒன்பது மணியளவில் பூசம் வன்னியின் உச்சிவானுக்கு ஏறக்குறைய 9 பாகை வடக்கே நிற்கும். தலைக்கு மேலே என்பதால் அடிவானப் புகையும் அறுவடைத் தூசும் குறுக்கிடுவதில்லை. புனர்பூசத்துக்கும் மகத்துக்கும் நடுவழியில் பாருங்கள். இரணைமடுக் குளக்கட்டைப் போல வெளிச்சம் எட்டாத இடமாக இருந்தால், முதலில் கண்ணில் படுவது விண்மீன் அல்ல, ஒரு மெல்லிய வெண்புகைத் திட்டு. அது பிரசெப்பே எனப்படும் விண்மீன் கொத்து. அதன் கிழக்குப் பக்கமாக வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு விண்மீன்கள் நிற்கும். தெற்கே நிற்பது, இரண்டில் பிரகாசம் கூடியது, டெல்டா கான்கிரி.

அந்த இரண்டையும் சாதாரண 7×50 பைனாகுலரின் ஒரே பார்வைப் புலத்துக்குள் கொண்டுவரலாம். இடைவெளி மூன்று பாகைக்குச் சற்று மேல்தான். வெறுங்கண்ணுக்கு இரண்டும் நிறமற்ற புள்ளிகள், ஏனெனில் இவ்வளவு மங்கலான ஒளியில் விழித்திரையின் நிறமறியும் கலங்கள் வேலை செய்வதில்லை. பைனாகுலர் ஒளியைக் கூட்டித் தந்ததும் வடக்கே உள்ள காமா கான்கிரி தூய வெள்ளையாகவும், தெற்கே உள்ள டெல்டா கான்கிரி தெளிவான செம்மஞ்சளாகவும் பிரிந்து தெரியும். கைகள் ஆடாமல் முழங்கைகளை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட பௌதிக இயல்புகளுள் ஒன்றான மேற்பரப்பு வெப்பநிலையை அந்த நிறத்தில் நேரே பார்க்கிறீர்கள்.

இனி அளவீடுகளுக்கு வருவோம். இவை ஒரு சங்கிலி. முதற் கண்ணி உறுதியானது, பின்னால் போகப் போகத் தளர்ச்சி கூடும். எதை எவ்வளவு நம்பலாம் என்ற உங்கள் கேள்விக்கு விடை, ஓர் எண் இந்தச் சங்கிலியில் எங்கே வருகிறது என்பதில் இருக்கிறது.

தூரம்தான் முதற் கண்ணி. பூமி சூரியனைச் சுற்றும்போது அண்மைய விண்மீன்கள் தூரத்து விண்மீன்களின் பின்னணியில் ஆண்டுதோறும் சிறிது இடம் மாறித் தோன்றும். டெல்டா கான்கிரியின் இடமாறு கோணம் ஒரு வில்செக்கனின் 40 இல் ஒரு பங்கு. ஒரு வில்செக்கன் என்பது ஒரு பாகையின் 3,600 இல் ஒரு பங்கு. 1989 இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய ஹிப்பார்கோஸ் செய்மதி இதை ஒன்றிரண்டு வீதப் பிழைக்குள் அளந்து கொடுத்தது. 2013 இல் ஏவப்பட்ட கையா செய்மதி அதைவிடப் பன்மடங்கு நுட்பமானது, ஆனால் மங்கலான விண்மீன்களுக்காக வடிவமைக்கப்பட்டது. நாம் சிரமப்பட்டுத் தேடும் பூசம் அதன் உணரிகளுக்கு மிகையான வெளிச்சம். ஹிப்பார்கோஸ் அளவீட்டிலிருந்து கிடைத்த தூரம் 40 பார்செக், அதாவது 131 ஒளியாண்டு. இன்று உங்கள் கண்ணை அடையும் ஒளி புறப்பட்டபோது வன்னிக்கு ஊடாக ரயில் பாதை போடப்பட்டிருக்கவில்லை.

தூரமும் தோற்றப் பருமனும் தெரிந்தால் ஒளிர்வு கணக்குத்தான். கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் மட்டும் பார்த்தால் இது சூரியனைப் போல் சுமார் 36 மடங்கு. ஆனால் செம்மஞ்சள் விண்மீன்கள் தமது சக்தியில் பெரும்பங்கைக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிராக வெளியிடுகின்றன. அதையும் சேர்த்தால் ஏறத்தாழ 50 மடங்கு.

வெப்பநிலையை இரண்டு வழிகளில் பெறுகிறார்கள். ஒன்று, நீல வடிகட்டியாலும் மஞ்சள் வடிகட்டியாலும் அளந்த பிரகாசங்களின் வேறுபாடு. மற்றது நிறமாலையின் கருங்கோடுகள்: ஐதரசன் கோடுகள் மெலிந்தும், இரும்பு, கல்சியம் போன்ற நடுநிலை உலோகக் கோடுகள் அழுத்தமாகவும் இருப்பது கே வகையின் அடையாளம். இரண்டு வழியிலும் 4,600 கெல்வினை அண்டிய பெறுமானமே வருகிறது. சூரியனுக்கு 5,772 கெல்வின். ஐம்பது அல்லது நூறு கெல்வின் பிழை இருக்கலாம். சிறியதாகத் தோன்றும் இந்தப் பிழையை மறந்துவிடாதீர்கள், அடுத்த படியில் அது பெருகும்.

அடுத்த படி ஆரை. ஒரு மேற்பரப்பு வெளியிடும் சக்தி அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு விகிதசமம் என்னும் ஸ்தெபான்–போல்ட்ஸ்மன் விதி உங்கள் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அதைக் கொண்டு நீங்களே செய்யலாம். 4,600 ஐ 5,772 ஆல் வகுத்து நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் ஏறக்குறைய 0.4 வரும். அதாவது இவ்விண்மீனின் ஒவ்வொரு சதுர மீற்றரும் சூரியனின் ஒரு சதுர மீற்றர் வெளியிடுவதில் பாதியைக்கூட வெளியிடுவதில்லை. அப்படியிருந்தும் மொத்த ஒளிர்வு 50 மடங்கு என்றால், மேற்பரப்பு ஏறக்குறைய 120 மடங்காக இருந்தே ஆக வேண்டும். அதன் வர்க்கமூலம் 11. ஆரை சூரியனின் 11 மடங்கு. 1905 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹேர்ட்ஸ்பிரங் இதே தருக்கத்தால்தான் ஒரே நிறமுடைய செந்நிற விண்மீன்களுள் பேரொளியுடையவை, ஒளி குறைந்தவை என இரண்டு இனங்கள் உண்டென்று கண்டார். இராட்சத விண்மீன் என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. ஒரு விண்மீனைக்கூட வட்டமாகப் பார்க்காமலே அவற்றின் பருமையை உணர்ந்த அந்த வாதத்தை வானியலின் மிக அழகான வாதங்களுள் ஒன்றாகவே நான் கருதுகிறேன்.

கணித்த ஆரையை நேரடியாகச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது. 11 மடங்கு ஆரையுடைய வட்டம் 131 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு வில்செக்கனின் 400 இல் ஒரு பங்கு அளவுக் கோணத்தைத்தான் பிடிக்கும். கிளிநொச்சியில் நின்றுகொண்டு வவுனியாவில் வைத்த ஒரு மில்லிமீற்றர் பொருளைப் பிரித்தறிவதற்கு ஒப்பானது அது. தனித்தனி தொலைநோக்கிகளை விலக்கி வைத்து அவற்றின் ஒளியலைகளை ஒன்றுசேர்க்கும் தலையீட்டுமானிகள் இத்தகைய கோணங்களை அளக்கின்றன. சந்திரனும் உதவும். பூசம் கிரகண வீதியின் மேலேயே, ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலகலில், நிற்பதால் சந்திரன் சில காலங்களில் அதை மறைத்துச் செல்லும். விண்மீன் வெறும் புள்ளியாக இருந்தால் அதன் ஒளி ஒரு விதமாகவும், வட்டமாக இருந்தால் வேறு விதமாகவும் அணையும். சந்திர விளிம்பு பூசத்தின் வட்டத்தைக் கடக்க எடுப்பது ஒரு செக்கனின் 200 இல் ஒரு பங்கு. அந்தக் கணத்தை வேகமான உணரியால் பதிந்து, விளிம்பில் ஒளி வளைந்து பரவும் கோணலால் உண்டாகும் அலைவுகளைப் பகுத்தால் விட்டம் கிடைக்கும்.

பதினொரு மடங்கு என்பதைக் கேட்டதும் பூமியை விழுங்கும் விண்மீனைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. சூரியனின் இடத்தில் இதை வைத்தால், அதன் விளிம்பு புதன் கோளின் பாதையில் ஏழில் ஒரு பங்கைக்கூட எட்டாது. நமது வானில் அது ஆறு பாகை அகலமான செம்மஞ்சள் வட்டமாக நிற்கும். நாம் பிழைக்க மாட்டோம், ஆனால் விழுங்கப்படவும் மாட்டோம். இராட்சத விண்மீன்களுள் இது அடக்கமான ஒன்று. ரோகிணி இதே மூன்றாம் வகுப்பைச் சேர்ந்தது, அதன் ஆரை சூரியனின் 44 மடங்கு. திருவாதிரையோ பல நூறு மடங்கு. அது வேறு வகுப்பு, மீஇராட்சதம்.

திணிவில்தான் சங்கிலி தளர்கிறது. ஒரு விண்மீனை நேர்மையாக நிறுக்க வேண்டுமானால் அதைச் சுற்றும் ஒரு துணை வேண்டும். துணையின் சுற்றுக் காலமும் பாதையின் அளவும் கெப்ளர் விதி வழியாகத் திணிவைத் தரும். தனித்து நிற்கும் இராட்சத விண்மீனுக்கு அந்த வசதி இல்லை. அப்போது நிறமாலைக் கோடுகளின் அகலத்திலிருந்தும் ஒப்பீட்டு வலிமையிலிருந்தும் மேற்பரப்பு ஈர்ப்பை ஊகித்து, ஆரையின் வர்க்கத்தால் பெருக்கித் திணிவைப் பெற வேண்டும். ஈர்ப்பை மடக்கை அளவில் எழுதுவது வழக்கம், மடக்கையில் 0.1 பிழை என்பது திணிவில் 25 வீதப் பிழை. இல்லாவிட்டால் ஒளிர்வையும் வெப்பநிலையையும் கணினி மாதிரிகளோடு ஒப்பிட்டு எந்தத் திணிவுடைய விண்மீன் இந்த இடத்துக்கு வந்து சேரும் என்று பார்க்க வேண்டும். பல்வேறு திணிவுடைய இராட்சத விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே ஒளிர்வு, ஒரே வெப்பநிலையில் வந்து கூடுவதால் அந்த ஒப்பீடும் எளிதில் வழுக்கும். டெல்டா கான்கிரிக்குச் சூரியனின் 1.7 மடங்கு என்று சொல்லப்படுகிறது. ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடையில் என்று எழுதினால் நான் அதிகம் நம்புவேன்.

ஆயினும் 1.7 ஐ எடுத்துக்கொண்டு மேலும் இரண்டு கணக்குகள் செய்து பாருங்கள், ஏனெனில் இராட்சதம் என்ற பெயர் மறைப்பதை அவை காட்டும். மேற்பரப்பு ஈர்ப்பு ஒரு செக்கன் வர்க்கத்துக்கு 4 மீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். அது செவ்வாயில் உள்ள ஈர்ப்பளவு. பூமியில் உள்ளதில் பாதிகூட இல்லை. கனவளவு 11 இன் மூன்றாம் அடுக்கு, அதாவது சூரியனின் 1,331 மடங்கு. அதற்குள் 1.7 சூரியனின் பொருள் மட்டுமே பரந்திருந்தால் சராசரி அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 1.8 கிலோகிராம். நீங்கள் சுவாசிக்கும் காற்று ஒரு கன மீற்றருக்கு சுமார் 1.2 கிலோகிராம். ஆகச் சராசரியில் இந்த இராட்சத விண்மீன் காற்றின் ஒன்றரை மடங்கு அடர்த்தியானதே.

அந்தச் சராசரியும் ஏமாற்றக்கூடியது. நடுவே பூமியைப் போல் சில மடங்கு அளவான ஈலிய உள்ளகம் இருக்கிறது. அங்கே ஒரு கன சென்ரிமீற்றர் பொருள் பத்துக் கிலோகிராமுக்கு மேல் நிறுக்கும். அதற்கு வெளியே ஆரையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டு கிடப்பது கொதித்துப் புரளும் மெல்லிய உறை. இரண்டுக்கும் இடையே நடுத்தரமான பகுதி என்று சொல்ல அதிகம் இல்லை. ஒரு விண்மீன் முதிர்வது என்றால் உடலமைப்பில் இப்படிப் பிளவுபடுவதுதான்: உள்ளே சுருங்கியபடி, வெளியே விரிந்தபடி.

இதை விளங்கிக்கொள்ள அதன் இளமையைப் பார்க்க வேண்டும். திருவோணத்தின் தலைமை விண்மீனாகிய ஆல்டேயரின் திணிவு 1.8 சூரியன் அளவு. அது இன்னும் உள்ளகத்தில் ஐதரசனை எரித்துக்கொண்டு, பத்து மணித்தியாலத்துக்குள் ஒரு சுழற்சியை முடிக்கும் வேகத்தில் சுழலும் வெள்ளை விண்மீன். பூசமும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். உள்ளகத்து ஐதரசன் தீர்ந்ததும் அங்கே எரிவு நின்றது. எரிவு தரும் சக்தி இல்லாமல் உள்ளகம் தன் பாரத்தால் சுருங்கிச் சூடேற, அதைச் சுற்றிய மெல்லிய ஓட்டில் ஐதரசன் முன்னைவிட மூர்க்கமாக எரியத் தொடங்கியது. அந்தச் சக்தியை வாங்கிய வெளியுறை விரிந்து குளிர்ந்தது. கோண உந்தம் காக்கப்பட வேண்டும் என்பதால் விரிந்த விண்மீனின் சுழற்சியும் தளர்ந்துவிடும்; இவ்வகை விண்மீன்கள் ஒரு முறை சுழலப் பல மாதங்கள் எடுப்பது சாதாரணம். உறையின் கொதிப்பு ஆழம்வரை இறங்கியதால், முன்பு உள்ளே எரிந்த சாம்பலில் ஒரு பகுதி மேற்பரப்புக்கு வந்து சேர்ந்தது. கே வகை இராட்சத விண்மீன்களின் நிறமாலையில் காபன் குறைந்து நைதரசன் கூடியிருப்பதும், காபன்-12 க்கும் காபன்-13 க்கும் உள்ள விகிதம் சூரியனின் 90 அளவிலிருந்து பெரும்பாலும் 30 க்குக் கீழே இறங்கியிருப்பதும் அதன் சான்று.

முதிர்ந்தது என்பதால் வயது கூடியது என்று எடுக்க வேண்டாம். திணிவு கூடிய விண்மீன் எரிபொருளை அவசரமாகச் செலவழிக்கும். பூசத்தின் வயது சுமார் 200 கோடி ஆண்டு. சூரியனுக்கு 460 கோடி. திணிவில் உள்ள தளர்ச்சி அப்படியே வயதிலும் ஏறுவதால் 200 கோடியை ஒரு பரும்படி எண்ணாகவே கொள்ளுங்கள்.

உள்ளே இப்போது என்ன எரிகிறது? வெளித்தோற்றம் இதற்குப் பதில் சொல்லாது. ஓட்டில் ஐதரசனை மட்டும் எரித்துக்கொண்டு மேலேறும் விண்மீனும், உள்ளகத்தின் வெப்பநிலை 10 கோடி கெல்வினை எட்டி ஈலியம் பற்றிக்கொண்டபின் சுருங்கி இறங்கிவந்த விண்மீனும் இதே 50 மடங்கு ஒளிர்வில் சந்திக்கின்றன. முதல் வகை இந்த இடத்தை விரைவாகக் கடந்துபோகும். இரண்டாம் வகை சுமார் 10 கோடி ஆண்டு இங்கேயே தங்கும். ஆகவே எழுந்தமானமாக ஒன்றைப் பார்த்தால் அது தங்கியிருப்பவற்றுள் ஒன்றாக இருக்கவே வாய்ப்புக் கூட. பூசத்தைப் பற்றி என் எண்ணமும் அதுதான்: ஒருமுறை இன்றைய ஆரையைப் பல மடங்கு தாண்டி வீங்கி, ஈலியம் பற்றியபின் ஒடுங்கி, இப்போது ஈலியத்தைக் காபனாகவும் ஒட்சிசனாகவும் மாற்றிக்கொண்டிருக்கும் விண்மீன். இதை எண்ணிக்கை வாதமாக எடுங்கள், அளவீடாக அல்ல.

அளவீடும் செய்யலாம். விண்மீன்கள் மெல்ல அதிர்கின்றன; சூரியனின் அதிர்வுக் காலம் ஐந்து நிமிடம், ஈர்ப்புக் குறைந்த இந்த விண்மீனுக்குக் கணக்குப்படி ஐந்தாறு மணித்தியாலம். அந்த அதிர்வுகளுள் சில உள்ளகத்தையே தொட்டுத் திரும்புபவை. அவற்றின் காலங்களுக்கு இடையிலான இடைவெளி, ஐதரசன் ஓடு மட்டும் எரியும் விண்மீன்களில் சுமார் 50 செக்கன் என்றும், உள்ளகத்தில் ஈலியம் எரிபவற்றில் 100 முதல் 300 செக்கன் என்றும் கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு 2011 இல் காட்டினார்கள். இரவு பகல் குறுக்கிடாமல் மாதக்கணக்கில் ஒரே விண்மீனை நோக்கினால்தான் இது பிரிந்து தெரியும். தரையில் உள்ள ஒற்றைத் தொலைநோக்கிக்கு அது இயலாது.

வெடிக்குமா என்ற கடைசிக் கேள்வி சுருக்கமானது. உள்ளகம் இடிந்து வெடிக்க, பிறக்கும்போதே சூரியனின் எட்டு மடங்கு அளவுத் திணிவாவது வேண்டும். திருவாதிரைக்கு அது உண்டு, பூசத்துக்கு இல்லை. ஈலியமும் தீர்ந்தபின் இது மீண்டும் வீங்கி, வெளியுறையைச் சிறுகச் சிறுக விண்வெளியில் இழந்து, காபனும் ஒட்சிசனுமான வெண்குறு விண்மீனாக மிஞ்சும். அந்த எச்சத்தின் திணிவு சூரியனில் 0.6 பங்கு அளவாகவும், பருமை பூமி அளவாகவும் இருக்கும்.